பழநிப் படியும் பூம்பாறைக் குழந்தையும்

முட்டி மாற்று அறுவைச் சிகிச்சைக்கு முந்தின ராத்திரி அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டு உட்கார வைத்தார். 2020 கடைசி அது, சிங்கப்பூரில். “மறுபடியும் பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் தைப்பூசத்துக்குப் பால்குடம் தூக்கி நடந்துட்டேன்னா, பழநிக்கு வந்து படியேறுறேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன். நீதான் சாட்சி” என்றார். எனக்கு அப்போது காலையில் எத்தனை மணிக்கு டாக்ஸி பிடிப்பது என்பதுதான் கவலை. சரி சரி என்று தலையாட்டி வைத்தேன்.

2021 தைப்பூசத்துக்கும் 2022 தைப்பூசத்துக்கும் கொரோனாவால் சிராங்கூன் ரோட்டுப் பெருமாள் கோயிலிலிருந்து நடைப்பயணமே கிடையாது. “பாத்தியா, என் முட்டி ஆறட்டும்னு ரெண்டு வருஷம் வாய்தா குடுத்திருக்கான்” என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். 2023-ல் ஊர்வலம் திரும்பி வந்தது. அம்மா நடந்தார். தண்டாயுதபாணி சந்நிதியில் பால் செலுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பழநி டிக்கெட் எங்கே என்ற கேள்வி இருந்தது. அதற்கப்புறமும் என் வேலை, மகன் பரீட்சை என்று தள்ளித் தள்ளி, ஒருவழியாகப் போன ஜூன் பள்ளி விடுமுறையில்தான் கிளம்பினோம். அம்மாவுக்கு எழுபத்திரண்டு முடிந்திருந்தது.

சிங்கப்பூரில் மலை என்றால் புக்கித் தீமா. 163 மீட்டர். அதை நம்பிப் பழநிக்குப் பயிற்சி எடுக்க முடியாது என்று அம்மா எங்கள் புளோக் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தினமும் சாயந்திரம் லிஃப்ட்டை விட்டுவிட்டு பன்னிரண்டாம் மாடி வரை. “ஆன்ட்டி, லிஃப்ட் கெட்டுப் போச்சா?” என்று கேட்காத பக்கத்து வீடு இல்லை.

திருச்சியில் இறங்கி திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி. தூரத்தில் மலை தெரிந்ததுமே அம்மா காருக்குள்ளேயே செருப்பைக் கழற்றிவிட்டார். மறுநாள் கிருத்திகை என்பது லாட்ஜில் அறை கிடைக்காமல் அலைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாட்காட்டி பார்க்காமல் டிக்கெட் போட்டது என் தப்பு. அம்மாவுக்கோ ஏக சந்தோஷம். “நீயா தேதி பார்த்திருந்தா இது அமைஞ்சிருக்குமா?”

விடியற்காலை நாலு மணிக்கு அடிவாரம். கார்க் கதவைத் திறப்பதற்குள் மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். சிங்கப்பூர்க்காரர்கள் என்பது எப்படித்தான் நெற்றியில் எழுதியிருக்கிறதோ. ஒருவர் நேராக சாமி முன்னால் கொண்டு போய் நிறுத்துகிறேன் என்றார். இன்னொருவர் தேங்காய், பழம், மாலை, விபூதி எல்லாம் சேர்த்து ஒரு தட்டு, அறுநூறு ரூபாய், “செருப்பு வைக்கிறது ஃப்ரீக்கா” என்றார். பத்து சிங்கப்பூர் வெள்ளிக்குக் கீழேதானே என்று ஏமாற நான் தயாராகிவிட்டேன். அம்மாதான் தட்டைப் பார்த்து, “இந்த வாழைப்பழத்தை நீங்க சாப்பிடுவீங்களா?” என்று கேட்டார். ஆள் போய்விட்டார்.

2023 அக்டோபரிலிருந்து மலைமேல் கைப்பேசி கூடாது. கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு வந்த மகன் கையிரண்டையும் என்ன செய்வது என்று தெரியாமல் நடந்தான். திருஆவினன்குடியில் கும்பிட்டு, பாத விநாயகரிடம் சிதறுகாய் போட்டுவிட்டு நிமிர்ந்தால் படிகள். 693. நான் மெதுவாக யானைப் பாதையை எடுத்துச் சொன்னேன். சரிவுதான், அங்கங்கே கொஞ்சம் படி, முட்டிக்கு நல்லது. அதற்கு முந்தின நாள் விஞ்ச், ரோப் கார் இரண்டையும் சொல்லித் திட்டு வாங்கியிருந்தேன்.

“யானைப் பாதை யானைக்கு. நான் படின்னு சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன்.”

ஏறினார். ஐம்பது படிக்கு ஒருதரம் உட்கார்ந்தார். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துச் சூடம் ஏற்றிக்கொண்டே போனது. அந்தச் சூட்டில் கால் படாமல் ஒதுங்கி ஒதுங்கி ஏறுவது தனிக் கஷ்டம். இடும்பன் சந்நிதியில் அம்மா ரொம்ப நேரம் நின்றார். சிங்கப்பூரில் வருஷா வருஷம் இத்தனை காவடி எடுக்கிறோமே, அத்தனைக்கும் மூலவன் அவன்தானே. “ரெண்டு மலையைத் தூக்கினவன் முன்னாடி பால்குடத்தைப் பத்திப் பேசக்கூடாது” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். உச்சிக்குப் போகும்போது நன்றாக விடிந்திருந்தது. என் முட்டிதான் நடுங்கியது.

அதன் பிறகு மூன்று மணி நேர வரிசை. கம்பிக்குள் நெரிசல், பின்னாலிருந்து தள்ளல், யாரோ ஒருவருடைய பால் குடத்திலிருந்து என் புடவை முழுக்கப் பால். “அரோகரா” சத்தம் கிட்டே வர வர அம்மா என் கையை இறுக்கிக்கொண்டே வந்தார். சந்நிதி முன்னால் வந்ததும் கையை விட்டார். தீபாராதனை. பழநி ஆண்டவனை நான் பார்த்தேன். நாலு விநாடி, அதற்கு மேல் இல்லை. கூட்டம் எங்களைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டது.

வெளிப்பிராகாரத்தில் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நானும் அழ ஆரம்பித்தேன்.

“கண்ணை மூடிட்டேன்டி.”

“என்னம்மா?”

“தீபம் காட்டினாங்கல்ல. அதைப் பார்த்ததும் பழக்க தோஷத்துல கண்ணை மூடிக் கும்பிட்டுட்டேன். திறந்து பார்த்தா முன்னாடி யாரோ ஒருத்தருடைய முதுகு.”

நாலரை வருஷமாக நினைத்து நினைத்து, 693 படி ஏறி வந்தது. கைப்பேசி இருந்திருந்தாலும் உள்ளே படம் எடுக்க முடியாதுதான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது. இன்னொரு முறை வரிசையில் நிற்கலாம் என்றேன். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “வேணாம். படி கேட்டேன், படி குடுத்தான். பார்க்கணும்னு நான் கேட்கவே இல்லையே” என்றார். பஞ்சாமிர்த டப்பாவை மகன்தான் திறந்தான். அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்ததோடு சரி. விருப்பாட்சி மலை வாழைப்பழத்து வாசனைக்கே சாப்பாடு வேண்டாம் என்பவர் அவர்.

இறங்கும்போது மட்டும் விஞ்சுக்குச் சம்மதித்தார்.

மேலே கொடைக்கானல் பக்கம் போவது என் திட்டம். மகனுக்குக் குளிரும் மூடுபனியும் காட்டலாம், சின்னச் சின்ன மலையூர்களாகப் பார்க்கலாம் என்று இ-பாஸ் எல்லாம் ஊரிலிருந்தே எடுத்து வைத்திருந்தேன். பழநியிலிருந்து மலைப்பாதையில் 64 கி.மீ. டிரைவர் தம்பி அம்மாவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தவர், “அக்கா, ஏரி, போட்டெல்லாம் விடுங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் பூம்பாறை போயிடலாம். குழந்தை வேலப்பர் இருக்காரு. கூட்டமே இருக்காது” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பாதையைப் பற்றி நான் சொல்லாமல் இருப்பதே மேல். மகன் மூன்று வளைவுகளில் வாந்தி எடுத்தான். ஒரு திருப்பத்தில் பனி மூடி எதிரே வந்த காய்கறி லாரி மூக்கு முட்டும் தூரத்தில்தான் தெரிந்தது. தம்பி காரைப் பின்னால் எடுக்க, நான் கந்தர் சஷ்டி கவசத்தை எந்த வரியிலிருந்து தொடங்கினேன் என்றே தெரியவில்லை. அம்மா எலுமிச்சம்பழத்தை மகன் மூக்கில் வைத்துப் பிடித்தபடி வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமாள்மலையில் இறங்கி ஒரு டீ குடித்த பிறகுதான் மூவருக்கும் முகத்தில் ரத்தம் வந்தது.

போகும் வழியில் குறிஞ்சி ஆண்டவர். 1936-ல் லீலாவதி ராமநாதன் என்ற ஐரோப்பிய வம்சத்து அம்மையார் கட்டிய கோயில். பனி விலகினால் இங்கிருந்து பழநி மலை தெரியும். எங்களுக்கு விலகவில்லை. குறிஞ்சி 2018-ல் பூத்தது, இனி 2030 என்று தம்பி சொன்னதும் அம்மா விரல் விட்டு எண்ணினார். “எழுபத்தேழு. வரலாம்.” முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

கொடைக்கானல் நகரத்து நெரிசலில் ஒரு மணி நேரம் போயிற்று. அதைத் தாண்டினால் யூகலிப்டஸ், பைன் காடு, சுமார் 20 கி.மீ. ஒரு வளைவில் தம்பி வண்டியை ஓரம் கட்டினார். கீழே பூம்பாறை. படிப்படியாக வெட்டிய வயல்கள், ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு பச்சை, கேரட், உருளை, பீன்ஸ், பூண்டு. நடுவில் நெருக்கியடித்த வீடுகள், அவற்றுக்குள் கோயில். “இங்கயும் படிதான்” என்றார் அம்மா. பழநியை விட்டு வந்த பிறகு அவராகப் பேசிய முதல் வேடிக்கை அதுதான்.

ஊருக்குள் சந்து சந்தாகப் போனோம். திண்ணையில் பூண்டுக் கட்டுகள், கம்பளி போர்த்திய பெரியவர்கள். இந்த மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல், பழநிப் பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்த அதே வருஷம். தகப்பன் சாமிக்கு மேலேயும் கீழேயும் ஒரே வருஷத்தில் மரியாதை என்று நான் அம்மாவிடம் அளந்தேன். கோயில் வாசலில் இருந்த பெரியவர் தை மாதத் தேரைப் பற்றிச் சொன்னார். ஊர் மேடும் பள்ளமுமாக இருப்பதால் தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடமாம். முன்னால் இழுப்பவர்களுக்குச் சமமாகப் பின்னால் பிடித்து நிறுத்துகிறவர்களும் வேண்டும்.

உள்ளே எங்களைத் தவிர இரண்டு பேர். போகர் பிரதிஷ்டை செய்த மூர்த்தி என்பது ஐதீகம். அருணகிரிநாதர் இங்கே அசந்து தூங்கியபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம். முருகன் குழந்தையாகிப் பக்கத்தில் படுத்துக்கொள்ள, காவி போர்த்தியவரைத் தாயென்றும் இவனைப் பிள்ளையென்றும் நினைத்து, பச்சைக் குழந்தைக்காரியை எப்படிக் கொல்வது என்று போய்விட்டாளாம். அதனால்தான் குழந்தை வேலப்பர்.

குருக்கள் தீபாராதனை காட்டினார். நான் சாமியைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தேன். கைகூடக் கூப்பவில்லை அவர். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்க்கிற பிள்ளை மாதிரி, இமை கொட்டாமல் நின்றார். தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. துடைத்தால் மறைந்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ. குருக்கள் விபூதியை நீட்டினார், அம்மா அதையும் பார்க்கவில்லை. அவரும் அவசரப்படுத்தாமல் தட்டோடு நின்றார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சிங்கப்பூர் என்றேன். படியேறியதைச் சொன்னேன், கண்ணை மூடியதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இன்னொரு முறை சூடத்தை ஏற்றி, பாதத்திலிருந்து முகம் வரை மெதுவாகக் காட்டினார். முகத்தில் தீபம் நின்றது. எத்தனை நேரம் என்று நான் எண்ணவில்லை. முருகா, அந்த மனிதருக்கும் அவர் பிள்ளை குட்டிகளுக்கும் எந்தக் குறையும் வைக்காதே. எங்களைத் தள்ள அங்கே யாரும் இல்லை. நான் கேட்க வைத்திருந்த பட்டியல் பெரியது, மகன் படிப்பு, வீட்டுக் கடன், என் முதுகுவலி. ஒன்றுகூட வாயில் வரவில்லை. நன்றி என்ற ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, மகன் என் தோளைத் தொட்டு “அம்மா, போதும்” என்றான்.

மறுநாள் பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று காப்பித் தோட்டங்கள் வழியாக இறங்கினோம். கோபித்துக்கொண்டு வந்த முருகன் இங்கிருந்துதான் பழநிக்குத் தாண்டிக் குதித்தானாம், தாண்டிக்குதி தாண்டிக்குடி ஆனது என்கிறார்கள். பாறையில் பாதச் சுவடு காட்டினார்கள். மிளகுக் கொடி, காப்பிப் பூ வாசனை போன பிறகும் நிற்கிற ஈர வாசனை, மனசு விட்டு உட்காரலாம் போன்ற ஊர். ஆனால் அம்மா அதில் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. பெரும்பாறை வளைவுகளில் இறங்கும்போதும் குழந்தை வேலப்பரைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். “இடது கன்னத்துல சந்தனம் கொஞ்சம் உதிர்ந்திருந்துச்சு பாத்தியா? மாலையில ஒரே ஒரு செவ்வந்தி மஞ்சள்ல வேற மாதிரி. வேட்டிக்கரை பச்சை.” பத்து தடவையாவது.

சிங்கப்பூர் வந்த பிறகு ஃபோன் செய்கிறவர்களிடமெல்லாம் இதே சந்தனம், இதே செவ்வந்தி, இதே பச்சைக்கரை. பழநி எப்படி இருந்தது என்று கேட்டால் “படி ஏறினேன்” என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

பூம்பாறையில் வாங்கிய பூண்டுக் கட்டு சமையலறை ஜன்னலில் தொங்குகிறது. ஒரு பல் எடுக்க விட மாட்டேன் என்கிறார், சாமி ஊர்ப் பூண்டாம். ரசத்துக்கு நான் தேக்கா மார்க்கெட்டில்தான் வாங்கி வருகிறேன்.