லண்டன் ஃப்ரீமேசன் மண்டபத்து ஆர்கன்: புதிதாக வந்தவர்களுக்கு

கிரேட் குயீன் தெருவில் நிற்கும் அந்தப் பெரிய வெள்ளைக்கல் கட்டடம் நமக்கெல்லாம் திறக்காது என்றே புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஃப்ரீமேசன் என்ற பழைய சகோதரத்துவ சங்கத்தின் தலைமையகம் அது. முதல் உலகப் போரில் இறந்த உறுப்பினர்களின் நினைவாக 1927 முதல் 1933 வரை கட்டியது. அருங்காட்சியகத்துக்குக் கட்டணமில்லை. ஹோபர்ன் டியூப் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். காற்றுக் குழல்களால் ஒலிக்கும் ஆர்கன் இருக்கும் பெரிய மண்டபத்துக்கு மட்டும், கச்சேரியோ வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பதோ என்றைக்கு என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆர்கனை ஹென்றி வில்லிஸ் நிறுவனம் 1933இல் அமைத்தது. கைகளுக்கு மூன்று கட்டை வரிசை, கால்களுக்கு ஒன்று, 2,200 குழல்களுக்கு மேல். 2015இல் டர்ஹாமின் ஹாரிசன் அண்ட் ஹாரிசன் நிறுவனம் இதைப் புதுப்பித்து முடித்தது.

நம் ஆர்மோனியத்தில் பித்தளை ரீட் (மெல்லிய நாக்கு) அதிர்வதால் ஒலி வருகிறது. இங்கே பெரும்பாலான குழல்களில் ரீட் கிடையாது. புல்லாங்குழல் போலக் காற்றுதான் அதிர்கிறது. சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்தக் குழல்களின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அரைச்சுரத்துக்கு 100 சென்ட்). டிரம்பெட் போன்ற ரீட் குழல்களோ அவ்வளவாக நகராது. குளிர்காலத்தில் ஹீட்டரைப் போட்டு 10 டிகிரி கூட்டினால் ஒன்று ஏறிவிடும், மற்றது நின்ற இடத்திலேயே நிற்கும். சேர்த்து வாசித்தால் காது கூசும். அதனால் கச்சேரி நேரத்தில் இருக்கப்போகும் வெப்பநிலைக்கு மண்டபத்தைக் கொண்டுவந்த பிறகே சுருதி சேர்க்கிறார்கள். எண்ணிக்கையில் குறைவான ரீட் குழல்களைத் திருத்தி மற்றவற்றோடு பொருத்திவிடுவது வழக்கம். குழலை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. கைச்சூட்டுக்கே சுருதி ஏறும். பக்கத்தில் துப்புரவு இயந்திரம் ஓடினால் அந்தச் சத்தத்தில் வேலை நின்றுவிடும்.

ஹீட்டர் காற்றையும் உலர்த்துகிறது. குழல்கள் நிற்கும் மரக் காற்றுப்பெட்டி சுருங்கி விரிசல் விட்டால், காற்று பெட்டிக்குள்ளேயே பக்கத்துத் தடுப்பறைக்குள் கசிந்து, அழுத்தாத சுரமும் மெல்ல முனகும். சுருதியைவிட இதுதான் பெரிய செலவு.

கட்டையை விட்ட பிறகும் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்தால் பெரும்பாலும் குழலுக்குக் காற்றைத் திறந்து மூடும் வால்வின் அடியில் தூசி. அதே கட்டையைப் படபடவென்று சில தடவை தட்டினால் காற்றே தூசியைத் தள்ளிவிடும். போகாவிட்டால் வாசிப்பவர் அந்த ஸ்டாப்பை (ஒரே வகை ஒலி தரும் குழல் வரிசையை) மூடிவிட்டு வேறொன்றில் தொடர்வார்.

கச்சேரிக்குப் போகிறவர்கள், குளிர்ந்தால் போட்டுக்கொள்ள மேல்கோட்டைக் கையோடு வைத்திருங்கள். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டும் வழக்கம் இங்கே இல்லை.