ஒரு புகாரும் எங்கள் குழுவும்

ஆகஸ்ட் 3, 2024, சனி

எங்கள் அறிவியல் புனைவு ரசிகர் மாநாடு முடிந்து ஆறு நாட்களாகின்றன. மாசசூசெட்ஸில் குடியேறிய எனக்கு நண்பர்களைத் தந்ததே இந்த மாநாடுதான். அதன் நிர்வாகக் குழுவில் இது என் மூன்றாம் ஆண்டு. இன்று ஓர் இளம்பெண்ணின் கடிதம் வந்தது. காஸ்ப்ளே உடையில், அதாவது ஒரு கதாபாத்திரத்தின் வேடத்தில், வந்திருந்த அவரை எங்கள் மூத்த தன்னார்வலர் ஒருவர், வேண்டாம் என்று சொன்ன பிறகும் மூன்று நாட்கள் பின்தொடர்ந்திருக்கிறார்; லிஃப்டில் இடுப்பைத் தொட்டிருக்கிறார். நாள், நேரம், அருகில் நின்றவர்கள் என எல்லாவற்றையும் எழுதிவிட்டு, ‘உங்களுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னியுங்கள்’ என்று முடித்திருந்தார். அந்த வரி நாள் முழுவதும் என்னை உறுத்தியது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

குழு கூடியது. அவர் அப்படிப்பட்டவர் அல்லர் என்றார் ஒருவர்; மனமார வருந்துகிறார், ஓராண்டு விலக்கிவைத்தால் போதும் என்றார் இன்னொருவர். நான் ரீடர்கான் என்ற அறிவியல் புனைவு மாநாட்டை நினைவூட்டினேன். 2012 ஜூலையில் பாஸ்டனை அடுத்த பர்லிங்டனில் நடந்த அம்மாநாட்டில், தொல்லை தருபவருக்கு நிரந்தரத் தடை என்று விதி தெளிவாக இருந்தும், குற்றம் செய்தவர் உண்மையாக வருந்துகிறார் என்பதற்காக நிர்வாகக் குழு ஈராண்டுத் தடையோடு நிறுத்திக்கொண்டது. ரசிகர்களும் எழுத்தாளர்களும் கொதித்தெழுந்த பின், ஆகஸ்டில் அக்குழு மன்னிப்புக் கேட்டு, நிரந்தரத் தடை விதித்து, ஒட்டுமொத்தமாகப் பதவி விலகியது. பழகியவரின் வருத்தம் நம் கண்ணுக்குத் தெரிகிறது; பழகாத பெண்ணின் அச்சம் தெரிவதில்லை. அந்தப் பெண் அடுத்த ஆண்டு வருவாரா என்று இன்றைய கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8, வியாழன்

அந்தத் தன்னார்வலர் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பெண்ணின் உடையைப் பற்றிப் பேசினார். காஸ்ப்ளே என்பது சம்மதம் ஆகாது என்று நியூயார்க் காமிக் கான் என்ற பெரிய ரசிகர் மாநாடு 2014-இலேயே பெரிய பலகைகள் வைத்துவிட்டது. இதைச் சொல்லி அழைப்பைத் துண்டித்தேன். நெடுநேரம் கை நடுங்கியது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஐந்துக்கு இரண்டு என்ற வாக்கில் நிரந்தரத் தடை நிறைவேறியது. சம்பவம் நடந்த அன்றே ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணை எவரும் கேட்கக் கூடாது என்பதையும் முடிவாக எழுதிக்கொண்டோம். யாரிடம் சொல்வது என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நடத்தை விதிகளை நிகழ்ச்சிக் கையேட்டின் பதினான்காம் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டவள் நான். அடுத்த ஆண்டு அவை பதிவு மேசையிலேயே பெரிதாக இருக்கும், இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணுடன். வெள்ளி இரவுக்கு என் பெயரை எழுதிவிட்டேன். சனி இரவுக்கு இன்னும் ஆள் வேண்டும்.