பிசிக்ஸ் அரியர் முடிந்தது: ஒரு விளக்குமாறும் கொஞ்சம் இன்டகிரேஷனும்

போன வாரம் ரிசல்ட் வந்தது. முதல் செமஸ்டர் இன்ஜினியரிங் பிசிக்ஸ், இரண்டாவது முயற்சியில் பி கிரேடு. யூ என்ற எழுத்தையே (ஃபெயில் என்று அர்த்தம்) பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு இது போதும். அண்ணா பல்கலை 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டத்தில்) முதல் யூனிட்டான மெக்கானிக்ஸைக் கண்டு பயப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்வித்தாள் பேட்டர்ன் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதல் முறை நான் படிக்காமல் போகவில்லை. அதுதான் எரிச்சல். டெரிவேஷன் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பார்ட் சி-யில் ஒரு கம்பி கொடுத்திருந்தார்கள். ஒரு முனையில் அடர்த்தி சுழியம், அங்கிருந்து தூரம் கூடக் கூட அதுவும் அதே விகிதத்தில் கூடும். நிறை மையம் எங்கே? நான் பாட்டுக்கு 'டிஎம் என்பது எம் பை எல் இன்ட்டு டிஎக்ஸ்' என்று, அதாவது கம்பி முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்துச் சின்னத் துண்டின் நிறையை எழுதி ஆரம்பித்து, அழகாக அடிக்கோடு போட்டு, 'எல் பை 2' என்று கட்டம் கட்டிவிட்டு வந்தேன். அதே டிஎம்மை வைத்து ஒரு 13 மார்க்கையும் கெடுத்தேன். விடைத்தாள் போட்டோகாபி வாங்கிப் பார்த்தபோது, பாஸாக 45 வேண்டிய இடத்தில் 39.

+1 பாடத்தை இரண்டே மாதத்தில் ஓட்டிவிட்டு +2-வுக்குத் தாவிய பள்ளியில் படித்தவன் நான். நிலைமத் திருப்புத்திறன் (ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்ற அளவு) என்றால் எனக்கு ஒரு பட்டியல்தான்: ஃபார்முலாவில் கீழே கம்பிக்கு 12, வட்டுக்கு 2. அந்த 12 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ரூம்மேட்டிடம் புலம்பினேன். அவன் கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றை எடுத்து ஒரு விரலில் நிறுத்தினான். நடுவில் வைத்தால் கட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. விரலைக் கட்டுப் பக்கம் நகர்த்திக்கொண்டே போனான், ஓரிடத்தில் நின்றது. "இது பாதியிலயா மாப்ள நிக்குது?" என்றான். அவ்வளவுதான். கனமான பக்கம் இருக்கும்போது நிறை மையம் எப்படி நட்டநடுவில் இருக்கும்? கணக்கைத் திரும்பப் போட்டேன். இந்தத் துண்டில் எவ்வளவு நிறை? கே எக்ஸ் டிஎக்ஸ் (எக்ஸ் என்பது மெல்லிய முனையிலிருந்து தூரம், கே ஒரு மாறிலி). மேலே எக்ஸ் ஸ்கொயர், கீழே எக்ஸ், இரண்டையும் 0 முதல் எல் வரை தொகையிட்டு வகுத்தால் மெல்லிய முனையிலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஏழு மாதம் கழித்து நான்கு வரியில் வந்தது.

அதனால் நான் சொல்வது ஒன்றே ஒன்று. எம் பை எல் என்று கை தானாக எழுதப் போகும்போது பிடித்து நிறுத்துங்கள். முதலில் படம். படத்தில் ஒரு சின்னத் துண்டு, பென்சிலால் நிழல் போட்டு. 'இந்தத் துண்டில் எவ்வளவு நிறை?' என்று வாய்விட்டே கேளுங்கள். பக்கத்தில் இருப்பவன் சிரித்தால் சிரிக்கட்டும்.

எனக்குத் தனியாக உட்கார்ந்து படிக்க வராது. அரியர் வைத்த இன்னும் மூன்று பேரைச் சேர்த்து ஹாஸ்டல் வராண்டாவில் நானே கிளாஸ் எடுத்தேன். முதல் நாளே மாட்டிக்கொண்டேன். வட்டை மெல்லிய வளையங்களாகப் பிரித்து அதன் நிலைமத் திருப்புத்திறனைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவன், "வளையத்தோட பரப்பு ஏன் 2 பை (π) ஆர் டிஆர்?" என்றான். எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, பழைய ரப்பர் பேண்ட் ஒன்றை அறுத்து நீட்டிக் காட்டினேன். நீளம் சுற்றளவு, அகலம் டிஆர். பெரிய ரப்பர் பேண்டுக்கு நீளம் அதிகம், அதனால்தான் வெளி வளையத்தில் நிறையும் அதிகம். அப்புறம் எம் ஆர் ஸ்கொயர் பை 2 வரைக்கும் அவர்களே போய்விட்டார்கள். தெரிந்தவன் கற்றுக்கொடுப்பான் என்பார்கள். எனக்கோ கற்றுக்கொடுக்கப் போய்த்தான் தெரிந்தது.

மற்றபடி சில்லறை விஷயங்கள்:

- கம்பியின் நிலைமத் திருப்புத்திறனில், லிமிட்டில்தான் அச்சு இருக்கிறது. மைனஸ் எல் பை 2 முதல் எல் பை 2 வரை என்றால் நடு அச்சு, 12 வரும். 0 முதல் எல் என்றால் முனை அச்சு, 3 வரும். டெரிவேஷன் இரண்டில்லை, ஒன்றுதான்.
- வி ஈக்குவல் டு யூ ப்ளஸ் ஏடி-யை மறந்துவிடுங்கள். முடுக்கம் மாறிக்கொண்டே இருக்கும் கணக்கில் அது செல்லாது.
- விடை வந்ததும் அலகு பாருங்கள். நிலைமத் திருப்புத்திறனுக்குக் கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர் வராவிட்டால் எங்கோ ஒரு ஆர் விழுந்திருக்கிறது.
- லேசர், குவாண்டம் எல்லாம் படித்தால் வரும். அதற்கு என்னிடம் ரகசியம் ஒன்றும் இல்லை.
- பார்ட் ஏ-வுக்கு (சின்னக் கேள்விகள்) 40 நிமிடம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன்.

இந்த முறை வட்டு 13 மார்க்குக்கு வந்தது. வளையம் வரைந்து, நிழல் போட்டு, நிதானமாக எழுதினேன். அடர்த்தி மாறும் கம்பி வரவே இல்லை. அவ்வளவு தயார் செய்து வைத்திருந்தேன், கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வராண்டாவில் நாங்கள் நான்கு பேரில் மூன்று பேருக்கு அரியர் போய்விட்டது. வளையம் கேட்டவனுக்கு மட்டும் இரண்டு மார்க்கில் நின்றுவிட்டது. நவம்பரில் எழுதுகிறான். சனிக்கிழமை ராத்திரியிலிருந்து மறுபடி வராண்டா. விளக்குமாற்றை அவனே எடுத்து வருகிறேன் என்றிருக்கிறான்.