ஷியானில் ஒரு சீனக் குடும்பத்தோடு தங்கிப் படித்தேன்

சீனாவுக்குப் பரிமாற்ற மாணவராகப் போகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக விடுதியில்தான் தங்குகிறார்கள். நான் ஷான்சி மாகாணத் தலைநகர் ஷியானில் ஒரு வீட்டில் தங்கிப் படித்தேன். அது எப்படி, என்னென்ன செய்ய வேண்டும் என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் காகித வேலை. 180 நாளுக்கு மேற்பட்ட படிப்பு என்றால் எக்ஸ்1 என்ற மாணவர் விசா. அந்த விசா உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். வந்த 30 நாளுக்குள் குடியேற்றப் பிரிவில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இது எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் தங்குபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹோட்டல் தவிர வேறு எங்கே தங்கினாலும், போய்ச் சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. விடுதி மாணவர்களுக்கு அலுவலகமே இதைப் பார்த்துக்கொள்ளும். வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் நம்மோடு வர வேண்டும். என்னைக் கூட்டிப் போனவர் வேலைக்கு அரைநாள் லீவு போட்டு, குடும்பப் பதிவேடு, வீட்டுப் பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றையும் நகலோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்தார். அங்கே கொடுக்கிற ஒற்றைத் தாள்தான் வதிவிட அனுமதிக்கு ஆதாரம். அதை ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை முக்கியம். வதிவிட அனுமதிக்குக் கொடுத்தால் பாஸ்போர்ட் சில வாரம் கையில் இருக்காது, ரசீதுதான் இருக்கும். சிம் கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்கள். எனவே அவை இரண்டையும் முதலில் முடித்துவிடுங்கள். வதிவிட அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போங்கள். காகிதத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

வீட்டில் ஐந்து பேர். நகரின் பழைய மதிலுக்குத் தெற்கே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, உறவுமுறைதான். அதனால் இங்கேயும் மாமா, அத்தை, தாத்தா, பாட்டி, தம்பி என்றே எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் அவர்களுடைய அன்பே எனக்குத் திணறலாக இருந்தது. கிண்ணம் காலியானால் உடனே நிரப்பிவிடுவார்கள். தட்டைத் தூக்கப் போனால் அத்தை கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார். நான் படித்துக்கொண்டிருக்கும்போது ஆப்பிளை நறுக்கி மேசையில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவார். விருந்தாளியாக ஒரு வாரம் இருக்கலாம், ஒரு வருடம் இருக்க முடியாது. நமக்கென்று அந்த வீட்டில் ஒரு வேலை கிடைத்தால்தான் மூச்சு விட முடியும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

எனக்கு அந்த வேலை ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் கிடைத்தது. அன்று ஜியாவ்சி செய்வார்கள். மாவுக்குள் பூரணம் வைத்து மடித்து, தண்ணீரில் வேகவைப்பது. பாட்டி சின்னக் குழவியை வலது கையால் உருட்டிக்கொண்டே இடது கையால் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். நான் பூரிக்குத் தேய்த்துப் பழகியவள் என்று காட்டியதும் குழவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் என் முதல் வட்டத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நடுவில் விரலால் தட்டிக் காட்டினார். பூரி போலச் சீராக இருக்கக் கூடாதாம். ஓரம் மெல்லிசாக, நடு தடிமனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கொதிக்கும்போது அடி கிழிந்து பூரணம் வெளியே வந்துவிடும். அடுத்தடுத்த வாரங்களில் தேய்ப்பது என் வேலை என்றே ஆகிவிட்டது. எனக்காகப் பன்றிக்கறி இல்லாமல் முட்டையும் பூண்டுத்தாளும் வைத்துத் தனியாக ஒரு தட்டு மடித்தார்கள். அப்புறம் தட்டுக் கழுவுவதையும் யாரும் தடுக்கவில்லை.

சின்னச் சின்ன விஷயங்கள் நிறைய. உள்ளாடையையும் காலுறையையும் வாஷிங் மெஷினில் மற்ற துணிகளோடு போடக் கூடாது. அதற்கென்று தனிப் பேசின், கையால்தான் துவைக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் காலையில் தலைக்குக் குளித்து ஈரத்தோடு வகுப்புக்குக் கிளம்பினால் பாட்டி பதறிப்போவார். குளியலை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டேன். ஷியானில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை பொது வெப்பக் குழாயில் வீடு கதகதப்பாக இருக்கும். அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் குளிர் எலும்பைத் தொடும். நல்ல உள்சட்டை ஒன்று கொண்டு போங்கள்.

தம்பி பள்ளி இறுதி வகுப்பு. ஜூன் 7-ல் தொடங்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு அந்த வீட்டின் கடிகாரத்தையே நடத்தியது. பள்ளியில் இரவுப் படிப்பு முடிந்து பத்து மணிக்கு மேல் வருவான். டிவி போட மாட்டார்கள், எல்லோரும் மெதுவாகவே பேசுவார்கள். எனக்கோ அந்த நேரத்தில்தான் அம்மாவின் போன் வரும். சீனாவில் வாட்ஸ்அப் தடை, அங்கே எல்லோரும் பயன்படுத்தும் வீசாட் செயலிக்கு இந்தியாவில் 2020 முதல் தடை. ரோமிங்கில் வைத்திருந்த இந்திய சிம்மில்தான் வாட்ஸ்அப் வேலை செய்தது, அதுவும் செலவு. சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. அம்மா எட்டு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பத்தரை. அதை ஆறு மணிக்கு மாற்றினோம். இங்கே எட்டரை, நான் கீழே தோட்டத்தில் நடந்துகொண்டே பேசுவேன். சனிக்கிழமைகளில் தம்பிக்கு ஆங்கிலக் கட்டுரை திருத்திக் கொடுத்தேன். தேர்வின் முதல் நாள் அத்தை சிவப்பு உடை உடுத்தி வாசல் வரை போய் நின்றபோது, எங்கள் வீட்டில் பிளஸ் டூ நடந்த வருடம் மாதிரியே எனக்கும் வயிற்றைக் கலக்கியது.

வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு விடுமுறையில் விடுதியே வெறிச்சோடிவிடும். என்னை அவர்கள் வெய்நான் பக்கம் தங்கள் சொந்தக் கிராமத்துக்குக் கூட்டிப் போனார்கள். அங்கேயும் 24 மணி நேர விதி உண்டு. போய் இறங்கியதும் தாத்தா என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு என்னோடு காவல் நிலையத்துக்கு நடந்தார். அடியில் அடுப்பு எரியும் செங்கல் கட்டிலில் பாட்டியின் பக்கத்தில் படுத்தேன். அந்தப் பகுதிக்கே பேர் போன பூ ரொட்டிகளை அங்கே பார்த்தேன். ஆவியில் வெந்த மாவில் பறவை, மீன், மாதுளை என்று சீப்பும் கத்தரியும் வைத்தே உருவம் செய்கிறார்கள். பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி எனக்கும் சிவப்பு உறையில் பணம் வந்தது, தம்பிக்கு வந்த அதே அளவு.

தாத்தா என்னைப் பெரிய காட்டு வாத்துக் கோபுரத்துக்கும் அழைத்துப் போனார். யுவான் சுவாங் இந்தியாவிலிருந்து கொண்டு வந்த சுவடிகளுக்காக 652-ல் கட்டியது. அவர் காஞ்சிபுரம் வரை வந்தவர், அது என் அம்மாவின் ஊர் என்று சொன்னதும் தாத்தா அங்கிருந்த இன்னொரு முதியவரிடம் போய் அதைச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீடு பார்க்கிறவர்கள் ஒப்புக்கொள்ளும் முன் நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, காவல் நிலையத்துக்கு யார் கூட வருவார்கள்? வெளியே தங்கப் பல்கலைக்கழகம் எழுத்தில் அனுமதி தருகிறதா? பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள்? வசந்த விழாவுக்கு எங்கே போவார்கள், நம்மையும் கூட்டிப் போவார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, கேளுங்கள்.