டயக்னோசிஸ் காட்டில் கிழமை எழுதியிருக்கிறதா?

பிறஷர் கூடி 31 கிழமையில் பிள்ளை பெற்றேன் என்றால் எல்லாரும் ஒப்பரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அது எப்படியோ முடிந்துவிட்டது. என்னை அலைக்கழித்தது ஒரு கடதாசி: ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட்.

கிளினிக்கில் பிறஷர் 150/100. சிறுநீரிலும் புரதம். மிட்வைஃப் அக்கா வீட்டுக்கே விடவில்லை, நேரே திருகோணமலைக்கு அனுப்பிவிட்டார். “கால் வீங்குறது எல்லாருக்கும்தானே” என்றார் மாமி. கால் வீங்குவது வேறு. முகமும் கையும் வீங்கி, விடாத தலையிடி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே நோவு என்று வந்தால் அடுத்த கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. மூதூர், குச்சவெளிப் பக்கம் இருப்பவர்கள் இரவில் எந்த வாகனத்தைக் கூப்பிடுவது என்று முதலே பேசி வையுங்கள்.

வாட்டில் பிள்ளையின் நுரையீரலுக்கு ஸ்டெரோயிட் ஊசி போட்டார்கள். எனக்கு வலிப்பு வராமலிருக்க மக்னீசியம். பிள்ளையின் மூளைக்கும் அது பாதுகாப்பாம். ஏறும்போது உடம்பெல்லாம் நெருப்பாய் எரிந்தது. தாதி மிஸ்ஸி அடிக்கடி வந்து சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளாவிட்டால் மருந்து கூடிவிட்டதாம்.

மகள் 1,150 கிராம். 31 கிழமைக்கும் அது குறைவுதான். பிறஷர் இருந்தால் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும், பிள்ளை உள்ளேயே மெலியும். மூச்சுக்கு மெஷின், குழாயில் பால், பிறகு என் நெஞ்சோடு அணைத்து வைத்தது எல்லாம் நல்லபடி போனது.

அப்புறம்தான் கண் பரிசோதனை. குறைமாதப் பிள்ளைகளின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் முழுதாய் வளர்ந்திருக்காது. அவை தாறுமாறாய் வளர்ந்தால் பார்வையே போகலாம், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. என் மகளைப் போன்ற பிள்ளைகளுக்குப் பிறந்து ஏறத்தாழ 4 கிழமையில் முதல் தடவை பார்க்க வேண்டும். வெளிமாவட்டக் கண் கிளினிக் ஒன்றுக்குத் துண்டு தந்தார்கள். விடிய முதல் பஸ், மடியில் பிள்ளை.

கவுண்டரில் இருந்தவர் டயக்னோசிஸ் காட்டைப் புரட்டினார். “எத்தனை கிழமையில பிறந்தது என்று இல்லையே. எழுதிக்கொண்டு வாங்க.” குறைமாதம் என்று மட்டும்தான் அதில் இருந்தது. என் கர்ப்பிணிப் பதிவேட்டை நீட்டினேன். அது தாயுடையதாம், பிள்ளையுடையது வேண்டுமாம். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். நிமிர்ந்தும் பார்க்கவில்லை. வந்த வழியே திரும்பினோம்.

ஆகவே பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோக முன் வாட்டிலேயே நின்று காட்டை வாசியுங்கள். பிறந்த கிழமை, நிறை, ஒட்சிசன் கொடுத்த நாட்கள், கண் பார்க்க வேண்டிய திகதி நான்கும் இருக்க வேண்டும். போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

காட்டைத் திருத்தி வாங்கிக்கொண்டு போனபோது கவுண்டர் பக்கமே போகவில்லை. உள்ளே நின்ற மிஸ்ஸியிடம் நேரே போய், நாள் பிந்திவிட்டது என்று காட்டினேன். உடனே பிள்ளையின் கண்ணுக்குத் துளிமருந்து விட்டுப் பார்த்துவிட்டார்கள். கண் இப்போதைக்குச் சரி. ஆனால் முதல் தடவை சரி என்றதும் விட்டுவிடாதீர்கள், இரத்தக்குழாய் முழுதாய் வளரும்வரை கூப்பிடுவார்கள்.

“இன்னும் கழுத்து நிற்கேல்லையா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: தடுப்பூசி பிறந்த திகதிப்படி. வளர்ச்சியைப் பார்க்கும்போது முந்திப் பிறந்த 9 கிழமையைக் கழிக்க வேண்டும்.

இதற்குள் என் பிறஷரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். பிள்ளை பிறந்த பிறகும் வலிப்பு வரலாம், குளிசையை நாமாக நிறுத்தக் கூடாது. அடுத்த முறை கர்ப்பமானால் 12 கிழமையளவில் சிறு அளவு அஸ்பிரின் தொடங்குவது பற்றி முதல் கிளினிக்கிலேயே கேட்கச் சொன்னார் டொக்டர். அதையும் என் காட்டில் எழுதி வாங்கினேன், கையெழுத்தும் முத்திரையும் சேர்த்து.