ஸ்காபரோவில் ஒரு சூரைச்செடி

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் போதகரை ‘ஐயர்’ என்றுதான் அழைப்பார்கள். அவர் மனைவி ஐயரம்மா. இருபது வருடம் அந்தப் பெயரில் பழகிப்போன வாய், கனடாவுக்கு வந்த முதல் மாதம் என்னைக் காட்டிக்கொடுத்தது. வாடகை வீடு கேட்டு யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, “வணக்கம், ஐயர் பேசுகிறேன்” என்றேன். மறுமுனையில் பெரிய மரியாதை. “சொல்லுங்கோ ஐயா, அப்பாவின் திவசம் அடுத்த கிழமைதானே? சாமான் பட்டியல் தந்தால் நான் வாங்கி வைப்பேன்.” விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. வீடு கிடைத்தது. ஆனால் அன்றோடு நான் பாஸ்டர் ஆகிவிட்டேன்.

என் மனைவி செவிலியர். குடிவரவு அவர் படிப்பினால் கிடைத்தது. நான் கூட வந்தவன். டொரொன்டோவின் ஸ்காபரோ பகுதியில் ஏறக்குறைய நாற்பது குடும்பங்கள் கூடுகிற ஒரு சிறு தமிழ்ச் சபை, போதகர் இல்லாமல் இருந்தது. பாதிப் பேர் யாழ்ப்பாணம், சிலர் மட்டக்களப்பு, மற்றவர்கள் பாளையங்கோட்டை, நாசரேத், நாகர்கோவில். முதல் கூட்டத்தில் ஒரு முதியவர், “நாங்களும் சி.எஸ்.ஐ.தான் பாஸ்டர், மறந்துவிடாதீர்கள்” என்றார். சரிதான். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, கடலுக்கு அப்பால் இருந்த யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாகச் சேர்ந்தது. ஆனாலும் ஒரே கீர்த்தனையை அவர்கள் ஒரு ராகத்திலும் நாங்கள் வேறு ராகத்திலும் பாடுவோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் எழுதியதை எப்படிப் பாடினால்தான் என்ன என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டு, இரு தரப்பிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சபையால் முழுச் சம்பளம் தர முடியாது. ஆகவே வாரத்தில் நான்கு இரவு ஒரு கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை. எந்த ஊருக்கு எந்தப் பெட்டி என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். இந்த நாட்டில் இரண்டு தொழில்களுக்கு டிசம்பர் தலைபோகிற மாதம்: ஒன்று பார்சல், மற்றொன்று போதகம். இரண்டையும் ஒரே ஆள் செய்யலாம் என்று நினைத்தது என் புத்தி.

ஊரில் என் சேகரத்தில் ஏழு கிராமங்கள் இருந்தன. அங்கே பண்டிகை வேலை இதைவிடப் பல மடங்கு. கேரல் பவனி விடிய விடிய நடக்கும். 25ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு ஆராதனை. ஒரு ஊரில் முடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அடுத்த ஊர். 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை, புத்தாண்டு வாக்குத்தத்த அட்டை, வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும். ஆனாலும் நான் விழுந்ததில்லை. காரணம் இங்கே வந்தபிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு உபதேசியார் இருந்தார். மணியடிக்கக் கோவில்குட்டியார் இருந்தார். பெண்கள் சங்கம் கோவிலைக் கழுவி, தோரணம் கட்டி முடித்திருக்கும். நான் தேரின் மேல் உட்கார்ந்திருந்தேன். வடம் பிடித்தவர்கள் வேறு பேர். தேர் என் பலத்தால் ஓடுகிறது என்று இருபது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்காபரோவில் வடமும் நான், சக்கரமும் நான். இன்னொரு சபையின் கட்டடத்தை ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கு எங்களுக்கு வாடகைக்குத் தருகிறார்கள். சாவி வாங்குவது, வெப்பமூட்டியை முன்கூட்டியே போடுவது, படிக்கட்டுப் பனியை வழித்து உப்புப் போடுவது, நாற்காலி அடுக்குவது, கழிப்பறைக்குக் காகிதம் வாங்கி வைப்பது, அப்புறம் பிரசங்கம். கேட்டிருந்தால் யாராவது செய்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. தாழ்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். “புது ஐயர் வேலை வாங்குகிறார்” என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்கிற பயம்.

அந்த முதல் டிசம்பரில் கேரலுக்கு எல்லோர் வீட்டுக்கும் போவது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஊரில் தெருத்தெருவாக நடந்து போவோம். இங்கே மார்க்கம் ஒரு திசை, ஏஜாக்ஸ் ஒரு திசை, பிராம்ப்டன் வேறு உலகம். 401 நெடுஞ்சாலையில் பனி விழுந்துகொண்டிருக்க, ஏழு கார்கள் ஒன்றையொன்று தொலைத்துவிட்டுத் தேடும். ஒவ்வொரு வீட்டிலும் மூன்று பாட்டு, ஒரு ஜெபம், கேக், தேநீர், “பாஸ்டர், பாட்டிக்கு ஒரு சின்ன ஜெபம்”. சின்ன ஜெபம் என்று ஒன்று இதுவரை இருந்ததில்லை. இரவு 11 மணிக்குப் பிறகு நான் நேரே கிடங்குக்குப் போவேன்.

ஞாயிறுபள்ளிப் பிள்ளைகளின் நாடகத்தன்று அது நடந்தது. முந்தின இரவு வேலை, காலையில் ஒரு இறுதிச் சடங்கு, பிற்பகல் நாடகம். முதல் வரிசையில் உட்கார்ந்தேன். சத்திரத்தில் இடமில்லை என்கிற காட்சி வரை நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ தோளைத் தட்டினார்கள். விழித்தால் எதிரே ஜரிகைச் சிறகோடு ஒரு தேவதூதன். ஒன்பது வயது இருக்கும். “பாஸ்டர், நாடகம் முடிந்துவிட்டது. கடைசி ஜெபம் நீங்கள்தானாம்.” சபை முழுவதும் எழுந்து நின்று காத்திருந்தது. என்ன ஜெபித்தேன் என்று இன்றுவரை தெரியாது. மேய்ப்பர் வேடத்தில் இருந்த பையன் சிரித்தது மட்டும் தெரியும்.

வெட்கத்தில் நான் சமையலறைப் பக்கம் ஒதுங்கி நின்றேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், யாழ்ப்பாணத்து அம்மா, ஒரு தட்டில் இரண்டு மட்டன் ரோல்ஸ் வைத்துக்கொண்டு வந்தார். கண்டிப்பான குரல். “இருந்து சாப்பிடுங்கோ பாஸ்டர். சூரைச்செடியின் கீழ்ப் படுத்திருந்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் என்ன சொன்னான்? நீங்கள்தானே எங்களுக்குச் சொல்ல வேண்டும்.”

சொல்லத் தெரிந்த எனக்கு அதுவரை அது உறைக்கவில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்துக்கு ஓடி, “போதும் கர்த்தாவே” என்று படுத்துவிடுகிறான். தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை, ஊழியத்தை நினைவூட்டவும் இல்லை. “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்கிறான். தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். நம் வேதாகமம் அதை ‘அடை’ என்று எழுதியிருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறான். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. பேச்செல்லாம் பிற்பாடுதான், நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு. போதகர்கள் கூட்டங்களில் இந்தப் பகுதியை நானே மூன்று முறை பிரசங்கித்திருக்கிறேன். மூன்று முறையும் ஓரேபில் எலியா கேட்ட ‘மெல்லிய சத்தம்’ பற்றித்தான் பேசினேன். அடையைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜனவரியில் கமிட்டி கூடியது. அதே ஆசிரியை வேதாகமத்தைத் திறந்து, எல்லாவற்றையும் தனியே சுமந்த மருமகன் மோசேயிடம் எத்திரோ சொன்னதை வாசித்தார்: “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் வலித்தது. சாவி ஒருவரிடம் போயிற்று, நாற்காலிகள் இளைஞர்களிடம், பனியும் உப்பும் வேறொருவரிடம். கேரல் இனி ஒரே இரவில் ஒரே மண்டபத்தில். உடம்பு முடியாதவர்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு கார். மூன்று வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் இன்னும் இறக்கவில்லை. பரவாயில்லை, ஊரிலும் அப்படி இரண்டு வீடு இருந்தது.

மிச்சமான நேரத்தில் எனக்கு என்ன தெரியவந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

கட்டடத்துக்காரச் சபையின் போதகர் ஒரு கனடியப் பெண்மணி. இரண்டாம் வருடம் டிசம்பர் 21 மாலை தங்கள் ஆராதனைக்கு வரச் சொன்னார். வருடத்தின் மிக நீண்ட இரவு அது. டொரொன்டோவில் அன்று பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. அந்த இரவில் துக்கத்தில் இருப்பவர்களுக்கென்று ஓர் ஆராதனையை இங்கே பல சபைகள் நடத்துகின்றன. துள்ளல் பாட்டு இல்லை. மெழுகுவர்த்தி, சங்கீதம், நிறைய மௌனம். பழைய ஆங்கிலிக்கன் நாட்காட்டியில் டிசம்பர் 21 புனித தோமாவின் நாள். தோமாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பரங்கிமலையும் மயிலாப்பூரும் தெரிந்த எனக்கு, சந்தேகப்பட்ட தோமாவுக்கு இருட்டு மிகுந்த நாளைக் கொடுத்திருக்கிறார்களே என்று தோன்றியது. பின் வரிசையில் உட்கார்ந்தேன். கனடா வந்தபிறகு பிரசங்க மேடைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்த முதல் ஆராதனை. அப்பா இறந்தபோது ஊருக்குப் போக முடியாமல்போன கதையை யாரிடமும் பேசாமல் வைத்திருந்தேன். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அழுதேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்காக இந்த நாட்டுக்கு நன்றி.

அடுத்த வருடம் அதைத் தமிழில் நடத்தினோம். இருபது பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். இடம் போதவில்லை. எங்கள் சபையில் காணாமல்போன பிள்ளையின் படத்தைப் பணப்பையில் வைத்திருக்கும் தாய்கள் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

முல்லைத்தீவுக் கரையோரத்துக்காரர் ஒருவரும் அன்று வந்திருந்தார். பாடகர் குழுவில் கட்டைக் குரல் அவருடையது. கிறிஸ்துமஸ் அன்று எல்லோரையும்விட உரக்கப் பாடுவார். மறுநாள் தொலைபேசியை அணைத்துவிடுவார். முதல் வருடம் நான் அவருக்கு 26ஆம் தேதி காலையில் பலூன் படத்தோடு பண்டிகை வாழ்த்து அனுப்பியிருக்கிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்து அவர் மனைவியையும் மகளையும் கொண்டுபோயிற்று என்று எனக்குத் தெரியாது. கேரலுக்கு அவர் வீட்டுக்கும் போயிருந்தேன். பத்து நிமிடம், மூன்று பாட்டு. சுவரில் இருந்த படத்தைப் பார்க்க நேரமில்லை.

இந்த நாட்டில் 26ஆம் தேதி கடைகளில் பெரிய தள்ளுபடி நாள். ஊரே வரிசையில் நிற்கும். இப்போது அன்று காலை நான் அவர் வீட்டுக்குப் போகிறேன். பால் விடாத தேநீர் குடிப்போம். பேச்சு அதிகமில்லை. ஒருமுறை மட்டும், மகள் கிறிஸ்துமஸுக்குப் போட்டிருந்த சட்டையின் நிறத்தைச் சொன்னார்.

ஊரிலிருந்து புதிதாக வரும் இளம் போதகர்கள் டிசம்பர் பிறந்ததும் என்னை அழைப்பார்கள். எத்தனை கூட்டம், எத்தனை வீடு என்று கணக்குச் சொல்வார்கள். குரலிலேயே தூக்கமின்மை தெரியும். நான் முதலில் கேட்பது சாப்பிட்டாயா தம்பி என்றுதான். அப்புறம் அந்தப் பட்டியலில் வேறு யாருக்கும் கொடுக்க முடியாதது எது என்று கேட்பேன். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் தேறும். “ஜனங்கள் தப்பாக நினைப்பார்களே அண்ணாச்சி” என்பார்கள். நினைப்பார்கள், சில வீட்டில் சில வருடம் வரைக்கும். கிடங்கு வேலையை நானும் உடனே விடவில்லை, விட முடியாது. ஆனால் டிசம்பர் கடைசி வாரத்துக்கு செப்டம்பரிலேயே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, ஆகையால் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஊரில் 25ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு முதல் மணி அடிக்கும்போது இங்கே 24ஆம் தேதி மாலை 5.30. அம்மா தவறாமல் அந்த நேரத்துக்கு அழைப்பார். பேசமாட்டார், தொலைபேசியைக் கோவில் பக்கம் நீட்டிப் பிடிப்பார். போன வருடம் அழைப்பு வந்தபோது நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். இருட்டிவிட்டது, பனி விழுந்துகொண்டிருந்தது. முல்லைத்தீவுக்காரர் கடைசிப் படிகளை வழித்துக்கொண்டிருந்தார். அவரிடம் தொலைபேசியைக் கொடுத்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிக் காதில் வைத்தார். மணி ஓயும்வரை வைத்திருந்தார்.

திருப்பித் தந்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார். “உள்ளே போங்கோ பாஸ்டர், ஆட்கள் வரப்போகிறார்கள். இந்த இரண்டு படியையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.”