காய்ச்சல் இறங்கிய இரவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தை ஒட்டியது எங்கள் வீடு. மழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதங்களில் பால்மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளில்கூடத் தண்ணீர் தேங்கிக் கொசு பெருகும். அதனால் ஆறு வயது மகனுக்கு உடம்பு கொதித்தபோது அரசாங்கக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டோம். டிங்கி, கொசுக்கடியால் பரவும் டெங்குக் காய்ச்சல்.

உடனே வார்டில் சேர்ப்பார்கள் என்று நினைத்தேன். சேர்க்கவில்லை. தண்ணீர் குடிக்கிறான், சிறுநீர் போகிறான், வாந்தி இல்லை. வீட்டிலேயே பாருங்கள், தினமும் வந்து இரத்தம் கொடுங்கள் என்றார் மருத்துவர். எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரோஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் கூடவே கூடாது. காய்ச்சல் இறங்கும்போதுதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னார். பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் சூடு தணியும் அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் சரியும் ஆபத்து இருக்கிறது.

அந்த மாலை வந்தது. "உடம்பு குளிர்ந்துவிட்டதம்மா, பிள்ளை தூங்கட்டும்" என்றார் அத்தை. பல பிள்ளைகளை வளர்த்த கை அது. காய்ச்சல் விட்டது உண்மைதான். ஆனால் அவன் உள்ளங்கையும் பாதமும் சில்லென்றிருந்தன. வயிற்றைத் தொடவிடவில்லை. குடித்த பார்லித் தண்ணீரை மறுபடி மறுபடி வாந்தியெடுத்தான். நான் குறித்துவைத்த தாளைப் பார்த்தால், மத்தியானத்துக்குப் பிறகு சிறுநீரே போகவில்லை.

"விடிந்ததும் போகலாமே?"

"இல்லை அத்தை, இப்போதே கிளம்புகிறோம்."

அவசரப் பிரிவில் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினேன்: காய்ச்சல் தொடங்கிய நாள், மருந்து கொடுத்த நேரம், குடித்தது, கழித்தது. தாதி அதைப் படித்துக்கொண்டே அவன் விரல்நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த நிறம் எவ்வளவு நேரத்தில் சிவக்கிறது என்று பார்த்தார். இரத்தப் பரிசோதனையில், நீர் கசிந்ததால் இரத்தம் கெட்டிப்பட்டிருந்தது, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உடனே டிரிப் ஏற்றினார்கள். தேறி வீட்டுக்கு வந்துவிட்டான்.

காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்திருக்கும் அக்கா தங்கைகளே, தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஈறிலோ மூக்கிலோ இரத்தம், விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் துவண்டு விழுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் 38 பாகை தொட்டாலே மருத்துவமனைதான். மூச்சு இழுத்து விலா உள்வாங்கினாலோ வலிப்பு வந்தாலோ 999 அழையுங்கள்.